நீ கொண்டுபோன போல்ட்டும் நான் செய்த டைக்கூடும்

அன்பு மகன்,

நானும் அம்மாவும் சுகம். என் வலது கை மட்டும் தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல இருந்தால் அதுதான் காரணம், கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் கேற்றடியில் மணி அடித்தபோது அம்மா முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கடிதம் வழக்கத்தைவிடத் தடிப்பாக இருந்ததைக் கண்டதும் அவளுக்குக் கால் ஓடவில்லை. தடித்த கடிதத்தில் நல்ல செய்தி வராது என்று அவளுக்கு ஓர் எண்ணம். "மெசினுக்கை கையைக் கிய்யைக் குடுத்திட்டானோ தெரியேல்லை. உடைச்சுப் படியுங்கோ கெதியா" என்று அழுவதற்கு ஆயத்தமாக நின்றாள். நான் படிக்கப் படிக்க அவள் கடிதத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். முடித்துவிட்டு நான் சிரித்தேன். அவளுக்கும் வாசித்துக் காட்டினேன். "இவ்வளவுதானே?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போய்விட்டாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றதும் எங்களுக்கு வந்த ஆறுதலை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும்.

நீ எழுதியதைத் திருப்பிச் சொல்கிறேன், சரியா பார். லோஞ்ச்காரர் காசிம் நானாவின் மருமகன் டுபாய்க்கு வந்த இடத்தில் உன்னைக் கண்டு, இப்போது மூதூருக்குச் சனம் ஏற்றும் லோஞ்சுகளுக்கெல்லாம் உன் அப்பாதான் தனியே போல்ட் வெட்டிக் கொடுக்கிறார் என்று பெருமையும் புளுகமுமாகச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு நித்திரை இல்லை. ஏனென்றால் நீ புறப்படுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வெட்டிய போல்ட்டுகளுக்குள் கோணல் மரையோடு ஒன்றை நீ கண்டாய். என் மனம் நோகும் என்று சொல்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். நான் இனி லோஞ்ச் வேலை எடுக்கமாட்டேன் என்று நம்பித்தான் போனாயாம். அப்படி ஒன்று லோஞ்சின் எஞ்சின் தண்டில் ஏறினால் நடுக்கடலில் உடையும், லோஞ்ச் நிறையச் சனம் இருக்கும், அந்தப் பழியை அப்பா தாங்கமாட்டார். ஆகவே மாத முடிவோடு வேலையை விட்டுவிட்டு வரப்போகிறாய், நீ வரும்வரை நான் மரை வெட்டும் டையைத் தொடவே கூடாது. இதுதானே?

"வராதே. கடிதம் வருகிறது" என்று அன்றைக்கே தந்தி அடித்தேன். தபால் கந்தோரில் இருந்த பிள்ளை, "ஐயா, எல்லாரும் வா எண்டுதான் தந்தி அடிக்கிறவை, நீங்கள் வராதை எண்டு அடிக்கிறியள்" என்று சிரித்தாள். தந்தி கண்டு நீ இன்னும் பயந்திருப்பாய். பயப்படாதே. ஏன் வரவேண்டாம் என்பதை இந்த வரியிலேயே சொல்லிவிடலாம். ஆனால் உனக்கு என்னைத் தெரியும், முதல் ஆணியை அடிக்காமல் இரண்டாம் ஆணியைக் கையில் எடுக்காத ஆள். நீயும் கடைசிப் பக்கத்தைத் தூக்கிப் பார்க்காமல் வரிசையாகப் படி.

கையிலிருந்து தொடங்குகிறேன். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் இது வந்தது. ஒரு நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை தட்டின்மேல் தாளம் போட்டது. நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. இனிக் கோப்பையை நிரப்பாமல் அரைவாசி ஊற்று, சீனி கூடாது என்று டாக்குத்தர் சொன்னவர் என்றேன். சீனிக்கும் கோப்பை நிறைவதற்கும் என்ன தொடர்பு என்று உன் அம்மா கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அரைக்கோப்பை வந்தது. சவரம் செய்வதற்கு வெளியே போகத் தொடங்கினேன். இதெல்லாம் பரவாயில்லை. மரை வெட்டுவதைத்தான் ஒளிக்க முடியவில்லை. இரும்புத் தண்டை வைஸில் நிமிர்த்திக் கவ்வவைத்து, பெரிய காசு போன்ற அந்த டையை இருகைப்பிடியில் பூட்டி, தண்டின் தலையில் வைத்துத் திருப்பவேண்டும். அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு, சீவல் உடைந்து விழ மறுபடி முன்னுக்கு. முதல் சுற்றில் டை ஒரு மயிரளவு சரிந்தாலும் போச்சு, மரை முழுக்கச் சரிந்தே இறங்கும். அதில் நட்டை ஓட்டினால் தள்ளாடும். ஆடுகிற கைக்கு அந்த முதல் சுற்றுத்தான் எமன்.

நீ ஒருநாள் வேலையால் வந்து, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, நான் எறிந்துவிட்ட கோணல் தண்டுகளை வேலைக் கொட்டிலின் மூலையில் கண்டாய்.  "அப்பா, எனக்கும் கை பழகத்தானே வேணும், தாங்கோ" என்று கைப்பிடியை வாங்கினாய். அடுத்த நாளும் வாங்கினாய். பிறகு, சீனன்குடா வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு நேரே கொட்டிலுக்குள் வருவது உனக்கு வழக்கமாகிவிட்டது. நான் தண்டை அறுத்து, முனையைச் சீவி வைப்பேன், மரை நீ வெட்டுவாய். எங்கள் அன்புவழிபுரத்தில் எல்லோரும், அப்பனும் மகனும் சோடியாக வேலை செய்கிறார்கள் என்று சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நான் ஏன் பொய் சொல்லவேண்டும்? நீ பக்கத்தில் நின்ற அந்தப் பின்னேரங்கள் எனக்கு இனித்தன. இனித்தபடியால்தான் அதற்கு உன்னிடம் என்ன வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று நான் யோசிக்கவில்லை.

கொட்டிலில் நிற்கும் அந்தக் கால்மிதி லேத்தின் கதை உனக்குத் தெரியும், ஆனாலும் ஒரு விசயம் சொல்லவேண்டியிருக்கிறது. வெள்ளைக்காரனின் கப்பல்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது நாங்கள் கன பேர் வேலையில்லாமல் நின்றோம். நான் வேலை செய்த அந்தக் கப்பல் டொக்யார்ட்டில் ஏலத்தில் விட்ட சாமான்களில் ஒருவரும் தொடாத இந்த லேத்தை நான் மாட்டுவண்டியில் கட்டிக்கொண்டு வந்தேன். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. "சமைக்கிறதுக்குப் பானை வாங்கிவாங்கோ எண்டால் மலையைக் கொண்டந்து இறக்கியிருக்கிறியள்" என்று அம்மா கத்தினாள். பிறகு ஒருநாள், நான் ஒரு காலால் மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் உளியைப் பிடிக்கப் படாதபாடு படுவதைப் பார்த்துவிட்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு மிதியில் கால் வைத்தாள். தையல் மெசின் மிதித்த கால். ஒரே சீராக ஓடியது. அன்றிலிருந்து பெரிய துண்டு கடைவதென்றால் மிதி அவளுடையது, உளி என்னுடையது. மிதித்துக்கொண்டே மீன் விலையும் ஊர்க்கதையும் சொல்லுவாள். உளி கீச்சிடும்போது மட்டும் வாயை மூடுவாள். டொக்யார்ட்டில் எங்களுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது, வெட்டி முடித்த துண்டில் ஆளுக்கொரு குறி குத்தவேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொழும்பு ஏஜென்சியிலிருந்து உனக்கு அழைப்பு வந்தது. டுபாயில் கப்பல் திருத்தும் வேலை, உன் கைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை. நீ அதைப் படித்துவிட்டு அலுமாரிக்கு மேலே போட்டாய். கேட்டால், "அந்த வெயிலுக்கை ஆர் போறது? எனக்கு இஞ்சை கிடைக்கிறது காணும்" என்றாய். திருகோணமலை வெயிலில் சைக்கிள் ஓடுகிறவன் வெயிலைச் சாட்டுச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம். பிறகு ஒருநாள் வேலியடியில் நின்று உன் சிநேகிதனின் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே நீ சொன்னதை, கிணற்றடியில் நின்ற நான் கேட்டேன். "அப்பாவுக்குக் கை ஏலாதடா. நான் போனா அவர் சும்மா இருக்கமாட்டார், தானே வெட்டப்போவார். அதிலை ஏதும் பிழைச்சு ஆருக்கும் ஒண்டு நடந்தா அந்தாள் உசிரோடை இருக்காது. நான் போகேலாது." வாளியைக் கிணற்றுக்குள் விடவும் மறந்து நின்றேன். எனக்கு வெட்கம் வந்தது, கோபம் வந்தது, உன்னைக் கட்டிப்பிடிக்கவேண்டும்போல் அன்பும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்தால் மனுசன் என்ன செய்வான்? வீட்டுக்குள் போய் அம்மாவைத் திட்டினேன், சோறு குழைந்துவிட்டது என்று.

"போ" என்று சொன்னால் நீ போகமாட்டாய் என்று தெரியும். என் கை நேராகிவிட்டது என்று சொன்னாலும் நம்பமாட்டாய். அப்படியானால் கை ஆடினாலும் மரை ஆடாத ஒரு வழி வேண்டும். யோசித்துப் பார்த்தால் வழி கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. தண்டை வைஸில் பிடிக்காமல் லேத்தின் வாயில் பிடிக்கலாம். டையைக் கையில் பிடிக்காமல் ஒரு கூட்டுக்குள் இருத்தலாம். அந்தக் கூட்டின் முதுகில் நேரான துளை. லேத்தின் வால் பக்கத்தில் நேரான ஒரு கம்பியைப் பூட்டி, அதன்மேல் கூடு முன்னும் பின்னும் வழுக்கி ஓடவேண்டும். அப்போது டையை நேராகப் பிடிப்பது கம்பியின் வேலை. கூடு சுற்றாமல் ஒரு சின்னப் பிடியைத் தாங்கிக்கொண்டிருப்பது மட்டும்தான் என் கையின் வேலை, அது எவ்வளவு ஆடினாலும் டைக்குத் தெரியாது. டொக்யார்ட்டில் இப்படிப்பட்டவை இருந்தன. கை நன்றாக இருந்த காலத்தில் அவற்றைச் சோம்பேறிச் சாமான் என்று நான்தான் பகிடி பண்ணினேன்.

காசிம் நானாவின் லோஞ்ச் முன்பு கல்லில் அடிபட்டபோது உடைந்த விசிறி, தண்ணீருக்குள் சுற்றுகிற அதுதான், எங்கள் கொட்டிலில் கிடந்தது நினைவிருக்கிறதா? இதழ்கள் போனாலும் நடுக்குமிழ் நல்ல வெண்கலம், நடுவில் துளையோடு. அதைத்தான் எடுத்தேன். நீ வேலைக்குப் போனபிறகு காலையில் நானும் அம்மாவும் தொடங்குவோம். அவளுக்கு விசயத்தைச் சொன்னபோது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப அவன் போயிடுவான்" என்றாள். "ஓம், போகத்தான்" என்றேன். சேலையை இழுத்துச் செருகினாள். பிறகு காலைத் திரும்ப வைத்தாள். அவள் மிதித்த ஒவ்வொரு மிதியும் உன்னை அனுப்புவதற்கு மிதித்தது. இதை நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூட்டில் இரண்டு வேலை இருக்கிறது. முன்பக்கம் டை இருக்கும் வாய், பின்பக்கம் கம்பி ஓடும் துளை. இரண்டையும் துண்டைக் கழற்றாமல் ஒரே பிடியில் கடைந்தால்தான் ஒரே நேராக வரும். இது எனக்குத் தெரியாததா? வாயைக் கடைந்து முடித்துத் துளையில் கைவைக்கப்போகிற நேரம் கேற்றில் உன் சைக்கிள் மணி கேட்டது. அன்று மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று உங்களை மத்தியானத்தோடு அனுப்பிவிட்டார்களாம். நான் பதறிக்கொண்டு துண்டைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதைப் பழைய சாரத்துண்டில் சுற்றி எங்கே வைத்தாள் தெரியுமா? அரிசிப் பானைக்குள். அன்றைக்கு நீ சாப்பிடும்போது, "அம்மா, சோத்துக்கை என்ன மினுங்குது?" என்று ஒரு வெண்கலச் சீவலைத் தூக்கிக் காட்டினாய். "சங்கக்கடை அரிசி இப்ப அப்பிடித்தான் வருகுது" என்று முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள். நீயும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டாய். எனக்குத்தான் புரைக்கேறியது.

அடுத்த நாள் அதைத் திரும்பப் பூட்டி, இயன்றவரை நேர் பார்த்துத் துளையைக் கடைந்தேன். டையை இருத்தி ஒரு தண்டில் மரை வெட்டிப் பார்த்தால், என் கையால் வெட்டியதைவிடக் கோணல். அவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்று முக்காலியில் இருந்துவிட்டேன். "கையும் போச்சு, மூளையும் போச்சு" என்று வாய்விட்டே சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஒரு சட்டை தைக்கிறதுக்கே நாலுதரம் பிரிக்கிறனான். நீங்கள் ஒருதரம் பிழைச்சதுக்கு ஒப்பாரி வைக்கிறியள். எழும்புங்கோ" என்றாள். எழும்பினேன். துளைதான் இனி மாறாது, ஆகவே துளையை வைத்தே வாயைத் திருத்தலாம் என்று பட்டது. கம்பியைத் துளைக்குள் இறுக்கி, கம்பியோடு சேர்த்துச் சுற்றவைத்து, வாயை மறுபடி கடைந்தேன். வாய் கொஞ்சம் பெருத்துப் போனது. ரின்பால் பேணியின் தகரத்தில் ஒரு பட்டி வெட்டி டையைச் சுற்றிவைத்து, மூன்று பக்கமும் திருகாணியால் இறுக்கினேன். குசினியிலிருந்து தேங்காய் எண்ணெய் வந்தது. அம்மா லேத்தின் சில்லைக் கையால் மெல்லத் திருப்பினாள், அரைச் சுற்று முன்னுக்கு, கால் சுற்றுப் பின்னுக்கு. சீவல் சின்னச் சின்னதாக உடைந்து விழுந்தது. நட்டை வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினேன். அது தன்பாட்டில் சுற்றிக்கொண்டு அடிவரை போய் நின்றது, ஒரு பக்கமும் சாயவில்லை. கை நடுங்கியபடிதான் இருந்தது, ஆனால் நெஞ்சுக்குள் இருந்த நடுக்கம் நின்றுவிட்டது. இரண்டு பேரும் கொட்டிலுக்குள் நின்று சின்னப் பிள்ளைகள்போல் அந்த நட்டைத் திரும்பத் திரும்பச் சுண்டினோம்.

அந்தக் கிழமைதான் காசிம் நானா வந்தார். "பாஸ், எஞ்சினையும் விசிறித் தண்டையும் சேர்க்கிற கப்ளிங்ல போல்ட் எல்லாம் தேஞ்சு போச்சு. ஒங்கட கையால வெட்டித் தந்தாத்தான் எனக்கு நெஞ்சாறும்" என்றார். நீ என் பின்னால் நின்றாய், அவர் "ஒங்கட கை" என்றபோது நீ நிலத்தைப் பார்த்ததை நான் கண்டேன். ஆறு வேண்டும். கைகாவலுக்கு இரண்டு கூட, எட்டு. பின்னேரங்களில் நீ இருகைப்பிடியால் நாலு வெட்டினாய். மற்ற நாலையும் காலையில் நானும் அம்மாவும் டைக்கூட்டில் வெட்டினோம். நீ கேட்டபோது, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சமாளித்தேன். நீ வெட்டிய பின்னேரங்களில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத்தான் ஏஜென்சியிலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது, ஒரு முடிவு சொல்லு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று. நீ அதைக் காற்சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தாய். அந்தப் பையை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேதான் மரை வெட்டினாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எட்டையும் எனாமல் கோப்பையில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, கலந்து வைத்தேன். காசிம் நானா கதிரையில் இருந்தார், அம்மா வாசலில் நின்றாள். "தம்பி, இதிலை பாதி நான் வெட்டினது. எது எதெண்டு கண்டுபிடி பாப்பம்" என்றேன். நீ என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தாய். டைக்கூட்டைக் காட்டினேன், பூட்டி ஓட்டியும் காட்டினேன். நீ அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாய். பிறகு ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து நட்டை ஓட்டினாய். நான் காசிம் நானாவோடு கடல் எப்படி என்று கதைப்பதுபோல் கதைத்துக்கொண்டு கடைக்கண்ணால் உன்னையே பார்த்தேன். ஒன்றில் நீ நின்றாய். நட்டைத் திரும்ப ஓட்டினாய். மற்றப் பக்கத்தில் ஓட்டினாய். பிறகு வெளிச்சத்துக்குத் திரும்புவதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டினாய். திரும்பி வந்தபோது உன் கையில் அது இல்லை. "எல்லாம் நல்லா இருக்கப்பா. எது ஆர் வெட்டினது எண்டே எனக்குத் தெரியேல்லை" என்றாய்.  காசிம் நானா, "அல்ஹம்துலில்லாஹ், அப்ப தம்பி டுபாய்க்குப் போகலாம்தானே" என்று கைதட்டினார். அன்று பின்னேரமே நீ ஏஜென்சிக்குப் பதில் எழுதினாய்.

நான் காணவில்லை என்று நினைத்தாய் அல்லவா? கண்டேன் மகன். நீ கை கழுவக் கிணற்றடிக்குப் போனதும், காசிம் நானா தன் ஆறை எடுப்பதற்கு முன், கோப்பையில் இருந்த ஏழு போல்ட்டையும் புரட்டிப் பார்த்தேன். இனி அந்தக் குறியைப் பற்றிச் சொல்கிறேன். டொக்யார்ட்டில் ஒரு துண்டு பிழைத்தால் யார் வெட்டியது என்று கேட்பார்கள், பதில் சொல்ல ஆள் வேண்டும். அதனால் துண்டு வெட்டுகிற ஒவ்வொரு பிற்றருக்கும் ஒரு குறி. என்னுடையது போல்ட்டின் முனையில் ஒற்றைப் புள்ளி, பஞ்ச் என்கிற கூர் ஆணியால் ஒரு சின்னத் தட்டு. வீட்டுக்கு வந்தபிறகு இந்தக் கொட்டிலில் நான் ஒருவன்தானே வெட்டுகிறவன் என்று அதை விட்டுவிட்டேன், உனக்குச் சொல்லவும் இல்லை. ஆனால் இந்த நாலையும் வெட்டியபோது, பல காலத்துக்குப் பிறகு என் வேலை என்று சொல்ல ஒன்று கிடைத்த சந்தோசத்தில் நாலிலும் புள்ளி குத்தினேன். அன்று கோப்பையில் நான் தேடியது அந்தப் புள்ளிகளைத்தான். நாலும் இருந்தன.

ஆக, உன் பையில் போனது யார் வெட்டியதென்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். குசினியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். "சொல்லாதேங்கோ. வெக்கப்படுவான். பிள்ளை சந்தோசமாப் போகட்டும்" என்றாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் தன் கோணலையே ஒளித்து வைக்கிறான், அந்த அன்பை நாலு பேர் முன்னால் எப்படிப் போட்டு உடைப்பது? இரண்டு நாளில் அதை எங்காவது எறிந்துவிட்டு மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். கடல் தாண்டிக் கொண்டுபோய்த் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு உருகுவாய் என்று யார் கண்டது? மூன்று பேரும் ஒருவருக்கொருவர் நல்லது செய்வதற்காகவே ஒளித்தோம். நான் டைக்கூட்டை ஒளித்தேன், அம்மா அதை அரிசிக்குள் ஒளித்தாள், நீ போல்ட்டை ஒளித்தாய். ஒருவராவது வாயைத் திறந்திருந்தால் உனக்கு இத்தனை நாள் நித்திரை கெட்டிருக்காது. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வரும். அப்போது கோணலைக் கண்டால் கண்ட இடத்தில் சொல்லு. மெதுவாகச் சொல்லு, ஆனால் சொல்லு.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் கண்டு சிரித்தேன் என்றேனே, தந்தி அடித்துவிட்டு வரும் வழியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வயசான கண், அன்றைக்கு நான் நாலு புள்ளிதான் பார்த்தேனா? ஒன்று ஊத்தையாக இருந்து நான் புள்ளி என்று எண்ணியிருந்தால்? அப்படியானால் உன் பையில் இருப்பது என்னுடையது, நீ சொல்வதெல்லாம் சரி. வீட்டுக்கு வந்து போல்ட் போட்டு வைக்கும் தகர ரின்னைக் கவிழ்த்தேன். கைகாவலுக்கு மிஞ்சிய ஒன்று கிடந்தது, அதில் புள்ளி. மிச்சம் மூன்று லோஞ்சில் இருக்கவேண்டும். சாப்பிடவும் மனம் இல்லை, நேரே ஜெற்றிக்குப் போனேன். லோஞ்ச் மூதூரிலிருந்து வந்து கட்டிய நேரம். "என்ன பாஸ், மொகம் சரியில்ல?" என்று கேட்டார் காசிம் நானா. நான் அடிப்பலகையைத் தூக்கி, எண்ணெய்த் துணியால் கப்ளிங்கைத் துடைத்தேன். ஒரு புள்ளி. தண்டைக் கையால் திருப்பினேன், இன்னொன்று. அடுத்தது வெறுமை, அடுத்ததும் வெறுமை.  இன்னும் திருப்பினேன். மூன்றாவது புள்ளி அங்கே இருந்தது, சின்னதாக, வட்டமாக, நான் குத்தினபடி. கடைசியும் வெறுமை, அதையும் நீதான் வெட்டினாய். ஆறும் ஒரு மயிரளவும் அசையாமல் இறுகி நின்றன. நான் அந்த எண்ணெய்த் தண்ணிக்குள் அப்படியே குந்திவிட்டேன். காசிம் நானா பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். விசயத்தைச் சொன்னதும், "ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்தி என்னயக் கொல்லப் பாக்கிறீங்க" என்று சிரித்துவிட்டு, திரும்பும் ஓட்டத்தில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். மூதூர் வரைக்கும் அந்தத் தண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். லோஞ்ச் நிறையச் சனம், கோழிக்கூடை, பாய்க்கட்டு, பள்ளிப் பிள்ளைகள். உன் மூன்றும் என் மூன்றும் சேர்ந்து எல்லாரையும் கொண்டுபோய் இறக்கின. எனக்கு இத்தனை நிம்மதியான பயணம் வாழ்க்கையில் வாய்த்ததில்லை.

அந்த ஒரு போல்ட் எப்படிக் கோணினது என்று நீ இனி யோசிப்பாய். யோசிக்காதே, எனக்குத் தெரியும். ஏஜென்சிக் கடிதத்தைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் வந்து நின்ற அந்தப் பின்னேரம் வெட்டியது. அன்றைக்கு நடுங்கினது உன் கை மகன். என்னாலேதான் நடுங்கியது. அதை நினைக்கும்போது எனக்கு உன்மேல் வருவது அன்பு மட்டும்தான்.

இப்போது எழுந்து போய் அந்தப் போல்ட்டை எடு. இரண்டு முனையையும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார். ஒற்றைப் புள்ளி இருந்தால், நான் பொய்யன், அடுத்த பிளேனில் ஏறி வா. இல்லாவிட்டால் போர்மனிடம் போய், ஊருக்குப் போகவில்லை என்று சொல்லு. பிறகு ஒரு பஞ்ச் ஆணியை எடுத்து அதன் முனையில் இரண்டு புள்ளி குத்து. ஒற்றைப் புள்ளி அப்பாவின் குறி, இரட்டைப் புள்ளி இனி உன் குறி. குத்தி முடித்ததும் விளக்கை அணைத்துவிட்டுப் படு. நன்றாக நித்திரை கொள். நாங்கள் இங்கே நித்திரை கொள்கிறோம்.

உன் அப்பா